ஆற்றுப் படியில் விட்ட ஷூ

புது மெஷினைப் பழகிக்கொள்ள எங்கள் ஓசூர் கம்பெனி என்னை இரண்டு வாரம் பிரான்சுக்கு அனுப்பியது. கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மனைவியின் மார்பிலிருந்த கட்டியில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை என்றேன்.

"நீங்க இங்க ஒக்காந்துனு இருந்தா கட்டி கரஞ்சிடுமா? போய்ட்டு வாங்க. பழைய மாதா கோயில் எதனா கண்ணுல பட்டா ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும்" என்றாள்.

எனக்கு மெழுகுவத்தியில் பெரிய நம்பிக்கை கிடையாது. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.

ரிசல்ட் திங்கட்கிழமை வரும் என்றிருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு, அறையில் இருக்கப் பிடிக்காமல், பஸ் பிடித்து ஓர் ஆற்றோர ஊருக்குப் போனேன். பல நூறு வருஷத்து ஊர். கல் பாலம், கல் வீடு, கல் தெரு. ஞாயிறு என்பதால் கடையெல்லாம் அடைப்பு. ஒரு டீக்கு வழியில்லை. எங்கள் தென்பெண்ணையில் நுரை மிதக்கும், இங்கே வாத்து மிதந்தது. குறை சொல்லத்தான் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அழகான ஊர்.

பாலத்தை ஒட்டி ஒரு பழைய கோயில் இருந்தது. நம்மூரில் மாதா கோயிலுக்குள்ளும் வெறுங்காலோடுதான் போவோம். வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால், மிதிபடாமல் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஆற்றுக்கு இறங்கும் படியில் ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே திணித்து, தொப்பியையும் மேலே வைத்துவிட்டுப் போனேன். உள்ளே தரை சில்லென்றிருந்தது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் படியில் கூட்டம். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நீளக் கம்பால் துழாவிக்கொண்டிருந்தான். யாரோ விழுந்துவிட்டார்கள் போல என்று நானும் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் கூட்டத்துக்கு நடுவில் என் ஷூவும் தொப்பியும் தெரிந்தன.

தமிழ் எடுபடாத இடத்தில் ஓசூர்க்காரனுக்குத் தானாகவே கன்னடம் வந்துவிடும். "நந்தே, நந்தே" என்று கத்தினேன். என்னுடையதுதான் என்று வெறுங்காலைக் காட்டி, கோயிலைக் காட்டி, கும்பிட்டேன். புரிந்ததும் தண்ணீரில் நின்றவன் திட்டினான். எந்த மொழியானாலும் திட்டு விளங்கிவிடும். கிழவி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்தாள்; அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாசமாகியிருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, நாளைக்கு ரிசல்ட்டு எப்படி வந்தாலும் சரி, நீங்க தண்ணிப் பக்கம் போவக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

மறுநாள் மத்தியானம் ரிசல்ட் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. நல்ல சேதி கேட்டால் அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அதை முந்தின நாளே, அந்த பஸ் நிறுத்தத்தில் அழுது முடித்திருந்தேன்.