இஞ்சினுக்குப் பொட்டு வைத்த மறுநாள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் ஒரு கார் வாங்கினார். பழைய கார்தான், அவருக்குப் புதிது. கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முகப்பில் மாலை போட்டு, வரிசையாகச் சந்தனம் குங்குமம் அப்பிக்கொண்டே வந்தார்கள். அவருடைய மகன் பெட்ரோல் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் நான் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"தம்பி, மூடியில வேணாம்! மூடியில மட்டும் வேணாம்!"

குருக்கள் மணியாட்டுவதையே நிறுத்திவிட்டார். "ஏன் அங்கிள், சாமிக்குத்தானே லா?" என்றான் பையன். அந்தக் கூட்டத்தில் என்னத்தைச் சொல்வது? கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துவிட்டுப் போகட்டும் என்று ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். உங்களிடம் சொல்லலாம். சந்தன வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண் மூடியைத்தான் தேடும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தின் ஸ்டோரில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. ரப்பர் மரப் பட்டையைச் சீவிக் கொண்டுவரும் பாலைத் தொட்டிகளில் உறைய வைத்து, மறுநாள் காலையில் ரோலரில் கொடுத்துத் தகடாக்கும் இடம். ரோலர்கள் எல்லாவற்றையும் சுற்றியது ஒரே ஒரு டீசல் இஞ்சின். ஒற்றை சிலிண்டர், என் நெஞ்சு உயரத்துக்கு இரும்புச் சக்கரம். "எங்க இஞ்சின்" என்றுதான் சொல்வேன். அது யாரோ லண்டன் முதலாளிகளுடையது என்ற ஞாபகம் எனக்கு வந்ததே இல்லை. அவ்வளவு கர்வம்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. மாதத்துக்கு ஒருமுறை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒரு பட்டியல் எழுதுவார். அதில் பெயர் வந்தவர்கள் குடும்பத்தோடு போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போய்க் கப்பலேற வேண்டும். இன்றைய போர்ட் கிள்ளான்தான். இந்தியாவுக்கு, உங்கள் ஊருக்கு அனுப்பி வைக்கிறோம் என்பார்கள். எந்த ஊருக்கு? நான் மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தவன். அங்கே என்னை வா என்று சொல்ல ஒரு நாய்கூடக் கிடையாது. என் மனைவி செல்லத்துக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது. கப்பல் தளத்தில் அத்தனை நாள் அவள் எப்படிக் கிடப்பாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. இஞ்சினுக்குப் பூஜை போடுவதில் தோட்டத்தின் வெள்ளைக்கார மேனேஜர் துரைக்கு இஷ்டமில்லை. கிராணி போய்க் கெஞ்சிய பிறகு, மறுநாள் வேலை நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார். எனக்கு வந்த உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா? வேலை முடிந்ததும் தேங்காய் நாரை வைத்து இஞ்சினைத் தேய்த்தேன். பூஜை நாளில் குறைபாத்திரம் கூடாதென்று, சுவரில் உயரமாக இருந்த டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். அதன் பித்தளை மூடியைப் புளி போட்டுத் துலக்கித் திருகி, அதன்மேல் கட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். மகாலட்சுமி மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கும்பிட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினோம். இஞ்சின் ஓடியது. நாலைந்து நிமிஷம் ஓடி, விக்கல் எடுத்து, நின்றது. அதற்குப் பிறகு எத்தனை சுற்றுச் சுற்றியும் எழும்பவில்லை.

முதலில் தொட்டியின் பக்கத்திலிருந்த அளவுக் கண்ணாடியைப் பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தது. எண்ணெய்க் குழாயின் திருகு திறந்துதான் இருந்தது. சக்கரத்தைச் சுற்றும்போது சிலிண்டர் எதிர்த்துத் தள்ளியது, அதனால் அழுத்தத்தில் குறையில்லை. இஞ்சினுக்குள் எண்ணெய் போகும் இடத்தில் நட்டைத் தளர்த்தினேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. சரி, குழாய் அடைத்திருக்கிறது என்று அதைக் கழற்றி ஊதினேன். காற்று தாராளமாகப் போனது, வாயெல்லாம் டீசல். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன், அதிலும் தூசி இல்லை. மாட்டிப் பார்த்தால் மறுபடியும் அதே இரண்டு சொட்டு. மேலே தொட்டி நிறைய எண்ணெய், நடுவில் அடைப்பு இல்லாத குழாய், கீழே வறண்ட இஞ்சின். எனக்குத் தெரிந்த வித்தை அத்தோடு தீர்ந்தது.

தொட்டி மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ணெய் இருப்பதுதான் கண்ணாடியில் தெரிகிறதே! அதோடு, விடியற்காலையில் சாமி பொட்டை அழிக்க எவனுக்குக் கை வரும்?

உறைந்த பால் தொட்டிகளில் கிடந்தது. அதை ரோலரில் கொடுக்காவிட்டால் இறுகிப் பாழாகிவிடும். அன்றைய புதுப் பால் வந்து சேர்ந்தால் ஊற்றவும் இடமில்லை. கிராணி வாசலில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் அன்று அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது.

"தொரை பத்து மணிக்கு வந்துருவாரு. ஓடலைன்னா ஒன் பேரத்தான் எழுதச் சொல்லுவாரு. என்னால ஒன்னும் பண்ண முடியாதுப்பா."

இஞ்சின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

ரோலர் வேலைக்கு வந்தவர்கள் சும்மாதானே இருந்தார்கள். அதில் முனியம்மா அக்கா என்று ஒருவர். எந்தக் கலவரத்திலும் முதலில் தேத்தண்ணி வைப்பவர். அன்றும் அடுப்பை மூட்டிவிட்டார். யாரோ புதுக் கட்டிப்பால் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். அக்கா கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. உலுக்கினார், வரவில்லை.

"எவன்டா ஒத்த ஓட்டை போட்டது? இந்தப் பக்கம் காத்துப் போனாத்தானே அந்தப் பக்கம் பாலு வரும்!"

ஆணியை வாங்கி எதிர்ப் பக்கத்தில் இன்னொரு குத்து விட்டார். பால் கம்பியாக இறங்கியது.

நான் தேத்தண்ணியைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தேன். அந்தப் பித்தளை மூடியில் காற்றுப் போவதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைப்பவனே நான்தான். அதன்மேல்தான் மகாலட்சுமியை உட்கார வைத்திருந்தேன்.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று தொட்டி மூச்சை இழுத்தது. துளைக்குள் சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

"அக்கா, ஊக்கு இருக்கா?"

அவர் ரவிக்கையிலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டினார். குத்தி எடுத்து, ஊதி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, மூன்று பேராகச் சக்கரத்தைச் சுற்றினோம். டுப். டுப். டுப் டுப் டுப் என்று ஓடத் தொடங்கியது. தொட்டி முழுக்க நிரப்பாமல் பாதியோடு விட்டிருந்தால், உள்ளே இருக்கும் காற்றை வைத்து மத்தியானம் வரை ஓடியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. என் பக்தி அவ்வளவு பூரணமானது.

துரை வந்தபோது ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. "இஞ்சின் நல்லா இருக்கா?" என்றார் தன் தமிழில். "நல்லா இருக்குங்க தொரை" என்றேன். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

மத்தியானம் எங்கள் வரிசை வீட்டுக்கு, லயத்துக்குப் போனேன். செல்லம் தரையில் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில சத்தம் நின்னு போச்சு. ரொம்ப நேரம் கேக்கல. அதான் எடுத்து அடுக்கிட்டேன்" என்றாள்.

பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தது பிள்ளைக்கென்று கிழித்த பழைய வேட்டித் துணி. அதை அவள் மறுபடி கொடியில் போட்டாள். எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்த பட்டியலில் முனியம்மா அக்கா குடும்பத்தின் பெயர் இருந்தது. இஞ்சினுக்கு ஆள் வேண்டும், ரோலருக்கு யாராவது போதும் என்பது கணக்கு. எங்கள் பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சிவிட்டுத்தான் லோரியில் ஏறினார். என் பெயர் இல்லை என்று அன்றைக்கும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் பொய் சொல்ல மனசில்லை.

அந்த லயத்தில் பிறந்தவள் என் மகள். பல வருஷம் கழித்து அவளுக்குக் குடிமக்களின் நீல அடையாள அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரத்தோடு போய் நின்றோம். என்னுடையது சிவப்பு, வந்தேறியின் அட்டை. இன்றும் சிவப்புதான். கவுண்டரில் இருந்த அதிகாரி பத்திரத்தில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். அவர் சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, லயத்தை இடித்து, அங்கே தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பெயரையும் மாற்றிவிட்டார்கள். "இப்படி ஒரு இடமே இல்லையே" என்றார் மலாயில்.

"இருந்தது, டுவான். இவள் அங்கேதான் பிறந்தாள்" என்றேன்.

கவுண்டர் அதிகாரி அவளுடைய விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, முத்திரையை எடுத்துக் குத்தினார்.