கண்ணாடிச் சட்டை

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கண்ணாடியில் படகு கட்டலாம் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், ஒரே அறையில் குடியிருந்தோம். நான், கணவர், ஐந்து வயது மகள், அப்புறம் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. அண்ணி ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகத்தான் வந்தார். அந்த ஒரு வாரத்துக்கு அப்போது ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

கணவர் காலாங் ஆற்றோரம் ஒரு சீன முதலாளியின் படகுப் பட்டறையில் பலகை இழைப்பவர். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும், "இனிமே கண்ணாடியிலதான் படகாம்" என்றார்.

வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி கிளாஸைப் போன வாரம்தான் அவர் உடைத்திருந்தார். அதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எனக்கு மனசுக்குள்தான் வாய் அதிகம்.

அண்ணிக்கு வெளியிலும் உண்டு. "கண்ணாடியிலயா? மீன் முட்டினா என்னடா ஆகும்?"

"உடையாதுக்கா. கண்ணாடிய நூலா இழுத்துப் பாய் மாதிரி பண்ணியிருக்கான். அத அச்சு மேல விரிச்சுப் பசையத் தடவணும். மறுபடி ஒரு பாய், மறுபடி பசை. காஞ்சா கல்லு லா!"

"பாய விரிச்சுப் பசை தடவுறதுக்கு உனக்குச் சம்பளம் வேறயா?"

கண்ணாடிப் படகு கட்டும் புதுக் கொட்டகைக்கு மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அதில் கணவர் ஒருவர். முதல் மாதம் ஒரு நாள் வராவிட்டாலும் வேறு ஆள் என்று தவுக்கே, அந்தச் சீன முதலாளி, சொல்லிவிட்டார். மரவேலைக்குத் திரும்பவும் வழியில்லை. அவருடைய பழைய இடத்தில் அதற்குள் வேறொருவர் இழைப்புளியோடு உட்கார்ந்துவிட்டார்.

பசை காய்ந்தபின் ஓரங்களை ராவ வேண்டும். அந்தத் தூளெல்லாம் அவர் சட்டையில் வீட்டுக்கு வந்தது. நான் எப்போதும்போல எங்கள் மூவர் துணியையும் ஒரே தொட்டியில் ஊறவைத்துத் துவைத்தேன். அண்ணியின் புடவைகள் மட்டும் தனி வாளி. சாமி கும்பிடுகிற புடவை எங்கள் அழுக்கோடு சேரக்கூடாதாம். மூங்கில் கழியில் காய்ந்த மகளின் கவுன் வெயிலில் ஜரிகை போட்டதுபோல் மினுங்கியது. புதுச் சவுக்காரம் நல்ல சவுக்காரம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மூவருக்கும் கழுத்திலும் கையிலும் சிவப்புப் புள்ளிகள், அடக்க முடியாத அரிப்பு. சனிக்கிழமை மாலை அண்ணி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிக்கக்கூடாது, நாங்கள் மூவரும் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் படி தாண்டக்கூடாது.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும்க்கா" என்றார் கணவர்.

"அம்மாவ விட உனக்குத் தவுக்கே பெருசாப் போயிட்டானா?"

நடுக்கடலில் கண்ணாடியை நம்பத் தயாரான மனிதர் அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். திங்கட்கிழமை அவர் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை போக வேலை இருக்காது. எனக்கு அப்போதுதான் அந்தக் கவுனின் மினுக்கம் புத்தியில் உறைத்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணிக்கு எதிரில் நின்று வாயைத் திறந்தேன்.

"அண்ணி... அவர் சட்டையில கண்ணாடித் தூளு... எல்லாத்தையும் ஒண்ணாத் துவைச்சேன்... அதுனாலதான்..."

"கண்ணாடியா? அப்ப எனக்கு ஏன்டி அரிக்கல? வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ நான். அம்மா ஆள் பாத்துத்தான் வருவா."

நான் மகளின் கையைச் சொறியவிடாமல் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருந்த பேச்சே அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி தூங்கினார். நான் கொடியில் கிடந்த அவருடைய புடவையை எடுத்து, நடுவில் கணவரின் துவைக்காத சட்டையை வைத்து, நன்றாக அழுத்தி அழுத்தி மடித்தேன். துவைக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார், மடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மாரியம்மனிடம் மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அண்ணி எழுந்து பூஜைக்காகக் குளிக்கப் போனதும் சட்டையை உருவிவிட்டுப் புடவையை இருந்த இடத்தில் வைத்தேன்.

அதைக் கட்டிக்கொண்டு விளக்கேற்றும் நேரத்தில் அண்ணி இடுப்பைச் சொறிந்தார். கற்பூரம் காட்டும்போது கழுத்தை. மணியைக் கீழே வைத்துவிட்டு முதுகைச் சுவரில் தேய்த்தார்.

"அக்கா, உங்களுக்கும் அம்மாவா?" என்று கணவர் பயந்துபோய்க் கேட்டார்.

"எனக்கா? எனக்கு எதுக்குடா அம்மா வருவா? நான் என்ன குத்தம் பண்ணினேன்?" அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏய், இந்தப் புடவைய அவன் சட்டையோட சேத்தியா?"

நான் மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினேன்.

"பாத்தியாடா? இது உன் கண்ணாடிச் சனியன்தான்! நாளைக்கு ஒழுங்கா வேலைக்குப் போற வழியப் பாரு."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கணவர் படி தாண்டினார். பட்டறையில் அவர் இடம் அப்படியே இருந்தது. அண்ணி ஜன்னலில் சாய்ந்து எதிர்வீட்டு அம்மாவிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வீட்ல எல்லாரும் அம்மைன்னு நடுங்கிட்டுக் கிடந்தாங்க. நான்தான் கண்டுபிடிச்சேன், கண்ணாடின்னு."

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.