மொரோக்கோ கம்பளம் விரித்த ஹால்

மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் என் அம்மா வீட்டு வேலை செய்த இடத்து மேடத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அம்மா அவர் வீட்டு ஹாலில் மயங்கி விழுந்து இறந்த மூன்றாம் நாள் அது. உயிர் போன இடத்தில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார்.

மேடம் ஒல்லியாக, நகை எதுவும் போடாமல் இருந்தார். யார் வந்தாலும் ஹாலில் கிடக்கும் மொரோக்கோ கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிக் காட்டுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கும் காட்டினார்.

"பின்னாடி பாரும்மா. ஒவ்வொரு முடிச்சும் அந்த நாட்டு பெர்பர் இனத்துப் பொம்பளைங்க கையால போட்டது. பாவம், எவ்வளவு முதுகு வலிச்சிருக்கும்!"

அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

விளக்கை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.

"ஐயோ, இதுல எண்ணெய் படக்கூடாது லா. உங்கம்மா இதுலதான் விழுந்தாங்க. வாயில நுரை வந்துச்சு. நானும் டிரைவரும் சட்டுனு டைல்ஸுக்கு இழுத்துட்டோம்."

"உயிர் எங்க போச்சு மேடம்? இதுலயா, டைல்ஸுலயா?"

கொஞ்சம் யோசித்தார்.

"அதப் பாக்கலையேம்மா. கறை பட்டுச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். டைல்ஸுலயே வை, துடைக்க ஈஸி."

டைல்ஸில் வைத்தேன். 'இங்கேதான்' என்று அவர் சும்மா ஓர் இடத்தைக் கை காட்டியிருந்தாலும் நம்பியிருப்பேன். அது ஏன் அவருக்குத் தோன்றவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அப்பா கேட்டபோது, மேடமே கூட வந்து இடம் காட்டினார் என்று சொல்லிவிட்டேன்.