பாட்டிலை இறக்கியவர்

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதேதான். அடுத்த அறையில் கூண்டு கழுவுகிறவள் நான். வீட்டிலும் நான்தான் பேசுவேன், வேலையிலும் நான்தான் பேசுவேன். அவர் பேச்செல்லாம் எலிகளோடு. "என்னம்மா, இன்னிக்குச் சரியா சாப்பிடலையா?" என்று அவர் கொஞ்சுவது காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா?

அவை டாக்டரம்மாவின் எலிகள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்கிற பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். வயதானால் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு எப்படித் தேய்கிறது என்று பார்க்கிறாள். எலி நாலு காலில் நடக்கிற ஜந்து, நம்மைப் போல் அதன் முதுகில் பாரம் இறங்காது. அதனால் பன்னிரண்டு எலிகளுக்குத் தண்ணீர் பாட்டிலை உயரத்தில் மாட்டினாள். தாகம் எடுத்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றுதான் குடிக்க வேண்டும். இன்னொரு பன்னிரண்டுக்கு வழக்கமான இடத்தில் பாட்டில். ஒன்றரை வருடம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும். அதுதான் அவள் ஆராய்ச்சி.

திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று சாயங்காலம் இவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"என்னாச்சு?"

"ரெண்டு கூட்டத்துக்கும் ஜவ்வு ஒரே மாதிரி இருக்காம். இந்த முறையே சரியில்லைன்னு வியாழக்கிழமை மீட்டிங்ல சொல்லிட்டு நிறுத்தப் போறாங்களாம். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு."

"அதுக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?"

தட்டைத் தள்ளி வைத்தார். "நான் பாட்டிலை இறக்கி வெச்சுட்டேன்."

நாலு மாதம் முன்பு ஏழாம் நம்பர் எலி தண்ணீருக்காக நிமிரப் பார்த்து இரண்டு தரம் சாய்ந்து விழுந்ததாம். பிறகு பாட்டிலுக்கு அடியிலேயே படுத்துவிட்டதாம். இவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாட்டிலை இறக்கியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொன்றாக, விழுந்த மற்ற எலிகளுக்கும். காலையில் இறக்குவது, பதினோரு மணிக்கு டாக்டரம்மா எலிகள் குடித்த தண்ணீரை அளக்க வருவதற்குள் மறுபடி ஏற்றுவது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றேன். "ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. இப்ப வேலையை விட்டுத் தூக்கினா எங்க போய் நிப்போம்?"

"அந்தப் பொண்ணு தன் கணக்குதான் தப்புன்னு நினைச்சிட்டு இருக்கே."

"நினைக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிம்மதி இல்லை. செவ்வாய் முழுக்க ஃபோன் அடித்தும் நான் எடுக்கவில்லை. புதன்கிழமை இவர் ஒரே கூண்டுக்கு இரண்டு தரம் தீனி போட்டார். கோபத்தில் கையிலிருந்த கூண்டை நங்கென்று வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனிதர்.

வியாழன் காலை கழுவிய கூண்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிறேன். டாக்டரம்மா மீட்டிங்குக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் அவள் முன்னால் போய் நின்றார். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம், தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான்."

எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் அவர் மனிதர்களிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"விழுந்ததை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"பன்னிரண்டுமா?"

"ஒன்பது."

"எக்ஸ்ரேல தெரியறதுக்கு முன்னாடியே வலி வந்துடும் ஐயா. வலிச்சா நிக்க முடியாது, நிக்க முடியலைன்னா பாட்டில்ல தண்ணி குறையாது. தினமும் அளந்தது அதுக்குத்தான். நீங்க இறக்கி வெச்சதால அது குறைஞ்சுட்டே இருந்துச்சு. முதல் எலி விழற நாளுக்காகத்தான் நான் ஒன்றரை வருஷமா காத்திட்டு இருந்தேன்."

அவள் நோட்டில் வெற்றுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"எந்த எலி, எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே எழுதிக்கறேன். மீட்டிங்ல காட்டிடலாம்."

"ஏழாம் நம்பர்... அது ஒரு செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் ஒரு புள்ளிகூடக் குறித்து வைக்கவில்லை அவர். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.