கோதுமை கலக்காத இறால் டாக்கோ

கோதுமை இனி ஒரு துளிகூட ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என் குடலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்ததாம். அன்றோடு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போயிற்று, மீ கோரெங் நூடுல்ஸ் போயிற்று, கோதுமை கலந்த சோயா சாஸ் ஊற்றிய எதுவும் போயிற்று. ரவாங் தொழிற்சாலை கேண்டீனில் எல்லாரும் வரிசையில் நிற்க, நான் பத்தாங் காலி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஒருநாள் மதியம், கோலாலம்பூரில் வேலை செய்யும் என் தங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். மெக்சிகோக்காரர்களின் டாக்கோ. அப்பளம் அளவில் ஒரு ரொட்டி, அதற்குள் மிளகாயில் புரட்டிய இறால். உடனே போனும் வந்தது.

"அக்கா, அந்த ரொட்டி முழுக்க சோளமாம்! உனக்கு ஒண்ணும் செய்யாது. சனிக்கிழம கெளம்பி வாலா."

சனிக்கிழமை ரயிலேறினேன். மூன்று கடைகளைக் குறித்து வைத்திருந்தாள். முதல் கடையின் மெனுவில் இறால் டாக்கோவுக்குப் பக்கத்திலேயே குளூட்டன் இல்லை என்று அச்சடித்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பணியாளரைக் கேட்டேன். அவர் உள்ளே போய் விசாரித்து வந்து, ரொட்டி உடையாமல் இருக்கக் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்க்கிறார்கள் என்றார். எழுந்துவிட்டோம். இரண்டாவது கடையில் ரொட்டி சுத்தமான சோளம்தான். ஆனால் இறாலைக் கோதுமை மாவில் தோய்த்துப் பொரித்தார்கள்.

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ சோர்வே வரவில்லை. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே என்று ஒரு வேகம்.

"இன்னொரு கட இருக்குல்ல? நட."

மூன்றாவது, ஒரு மாடிக் கடை. ஆறே மேசைகள். கல்லாவில் இருந்த பெண்ணிடம் நான் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "சோயா சாஸையும் கேளுக்கா" என்று தங்கை பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"சோயா சாஸ் கெடையாதுக்கா. கோதும இந்தக் கடைக்குள்ளயே வராது" என்று அடுப்பங்கரையிலிருந்து தமிழில் பதில் வந்தது.

ஏப்ரனில் கை துடைத்தபடி வெளியே வந்த பெண்தான் சமையல்காரர், கடைக்கும் சொந்தக்காரர். என்னைவிடச் சின்னவர். கோலசிலாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ஓட்டல் சமையலறைகளில் இந்த வேலையைப் படித்தவர்.

"எனக்கும் இதே சீக்குதான். வெளிய எங்கயும் நம்பிச் சாப்ட முடியல. அதான் நானே ஒரு கட போட்டுட்டேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளூட்டன் ஆகாத இன்னொருவரை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

எங்கள் கண்முன்னால் சோளமாவு உருண்டையை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, சூடான கல்லில் போட்டார். இறாலைப் பூண்டும் வற்றல் மிளகாயும் சேர்த்து அதிக தீயில் இரண்டே நிமிஷம் பிரட்டி, ரொட்டியில் அள்ளிவைத்து, அன்னாசித் துண்டு தூவி, எலுமிச்சை பிழிந்தார். முதல் கடியில் சாறு முழங்கைவரை வழிந்தது. சோளத்தின் இனிப்பு, பின்னாலேயே காரம், கடைசியில் புளிப்பு. வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தேன். மூன்று ஒரே மூச்சில் போயிற்று.

"மெதுவாக்கா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றாள் தங்கை.

"இன்னும் ரெண்டு சொல்லு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் கண் விழித்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். வலி இல்லை, உப்பல் இல்லை. தங்கையை எழுப்பிச் சொன்னேன்.

கடையிலிருந்து கிளம்பும்போது அந்தச் சமையல்காரப் பெண் கொடுத்தனுப்பிய சோளமாவை வைத்து அடுத்த வாரம் நானே இறங்கினேன். கோலசிலாங்கூர் மீன்சந்தைக்குக் காரில் போய் ஒரு கிலோ உயிர் இறால் வாங்கிவந்தேன். முதல் இரண்டு ரொட்டியும் கல்லிலேயே பிய்ந்துபோயின. மாவில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து போட்டேன். மூன்றாவது வட்டமாக உப்பி எழும்பியது. தட்டு தேடவில்லை, பிரட்டிவைத்திருந்த இறாலை அதில் அள்ளிவைத்து, அடுப்பருகிலேயே நின்று, நாக்கு சுடச்சுடச் சாப்பிட்டேன்.