கிணற்றடிக் கரும்பு

என் மனைவி தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் கிடந்தபோது தன் வருத்தத்தைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கிணற்றடியில் மாரி மழையோடு தான் நட்ட கரும்பைப் பற்றித்தான் கதைத்தாள். பொங்கலுக்கு நெல்லியடிச் சந்தையில் கரும்பு வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. காய்ந்த தடி என்பாள். ஒவ்வொரு வருடமும் சொந்தக் கரும்பை வெட்டித்தான் முற்றத்தில் கட்டுவாள்.

வைகாசி மாதம். சோளகக் காற்று தொடங்கியும் வெக்கை தணியவில்லை.

"கரும்புக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"இல்லை."

"இந்த வெய்யிலுக்குக் குருத்துச் சுருண்டுபோம். ஒருக்காப் போய் மோட்டரைப் போட்டுவிட்டிட்டு வாங்கோ. நான் எங்கையும் ஓடமாட்டன்."

நான் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். அவள் கேட்பதும் நான் இல்லை என்பதுமாக அந்த மாதம் போயிற்று. மாத முடிவில் அவளும் போய்விட்டாள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் வழக்கம்போலச் சீனிப் பைகளோடு வந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் நிறைய மிஞ்சியது. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஸ்ரோர்ப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். சீனி மூட்டையைச் சுவரோடு சாத்தாதே, தகரத்துக்குக் கீழே வைக்காதே என்று வேலையாட்களைக் கடித்துக் குதறியவன். அப்படிப்பட்ட நான் அவ்வளவு பைகளையும் குசினியோடு சாய்த்து இறக்கிய பத்தியில் தகரக் கூரைக்குக் கீழேயே அடுக்கினேன். வெய்யிலில் வெந்து, மழை தொடங்கியதும் ஈரம் இழுத்து, சீனி முழுவதும் கட்டிபட்டுப்போனது. உடைக்க அலுப்பாக இருந்தது. சீனி இல்லாமல் தேத்தண்ணீர் குடிக்கப் பழகினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அழவும் இல்லை. மனுசனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று சொந்தக்காரர் கதைத்தது என் காதிலும் விழுந்தது. எரிச்சல்கூட வரவில்லை.

கரும்பை மட்டும் விடவில்லை. செத்தவீடு முடிந்த மறுநாளே போய்ப் பார்த்தேன். ஓலை சுருண்டு, நுனி எரிந்து, இடுப்பளவில் நின்றது. ஆனால் பட்டுப்போகவில்லை. அன்று முதல் வெய்யில் ஏறுவதற்கு முன்பே மோட்டரைப் போட்டேன். காய்ந்த ஓலைச் சோகையை உரித்து அடிமண்ணை மூடினேன். பொங்கலுக்கு அவளுடைய கரும்பு முற்றத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. மாரியும் பெய்ய, கரும்பு என் தலைக்கு மேலே போயிற்று.

பொங்கலுக்கு முதல் நாள் கத்தியோடு கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அங்கால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கண்டுவிட்டாள்.

"ஆருக்கண்ணை கரும்பு வெட்டுறியள்?"

"பொங்கலுக்கு, பிள்ளை."

அவள் வேலிக்குக் கிட்ட வந்தாள். பிறகு, "உங்களுக்கு இந்த முறை பொங்கல் இல்லையல்லோ, அண்ணை. ஆண்டுத் திவசம் முடியேல்லை," என்றாள்.

செத்தவீட்டில் ஒரு வருடத்துக்குப் பொங்குவதில்லை. ஊருக்கே தெரிந்தது. எத்தனை வீடுகளுக்கு நானே எடுத்துச் சொல்லியிருப்பேன். இவ்வளவு காலமும் தண்ணீர் விட்டபோது அது ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை.

"அப்ப நீ கொண்டுபோ," என்றேன். வெட்டி வேலிக்கு மேலால் நீட்டினேன். அவள் வாங்கிச் சோகையை உரித்தாள்.

"நல்லா வந்திருக்கண்ணை. நடுவிலை மட்டும் ஏன் கணுவெல்லாம் இப்பிடி நெருங்கிக் கிடக்கு?"

பார்த்தேன். அடியில், என் மனைவி தண்ணீர் விட்ட காலத்துக் கணுக்கள் எட்ட எட்ட இருந்தன. அதற்கு மேலே ஒரு சாணுக்குக் கணுவும் கணுவும் கைவிரல் மூட்டுகள் போல ஒட்டிக் கிடந்தன. அது நான் ஆசுப்பத்திரிக் கதிரையில் இருந்த வைகாசி. அவளோடு கடைசியாக இருந்த காலம் அவ்வளவுதான். அதற்கு மேலே கரும்பு மளமளவென்று வளர்ந்திருந்தது, அவள் போன பிறகு, என் கையால்.

"வெய்யில்," என்றேன்.

"உது கடிக்கேலாது. பொங்கல் முடியக் கழிச்செறிஞ்சுபோட்டுத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கவேணும்."

"எறியாதை, பிள்ளை. அந்தத் துண்டை எனக்குக் கொண்டுவந்து தா."