நாலாவது குவியல் மேல் நின்ற ஆள்

கயல், தமிழ், ரெண்டு பேரும் சிரிக்காமல் படிக்கணும். பேய், காத்து, கருப்பு எதையும் உங்க அப்பா நம்பினவன் இல்லை. சுடுகாட்டு ஓரமாகத்தான் தினம் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் இது என் கண்ணால் பார்த்தது. நம்பினால் நம்புங்க.

நான் வேலை பார்க்கிற இடம் தெரியும், பாகூர் தாண்டி, கரும்புச் சக்கையை மலை மாதிரி குவித்து வைத்திருக்கும் கிடங்கு. சக்கை உள்ளுக்குள்ளேயே சூடேறும், வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒரு நாள் பற்றிக்கொள்ளும். அதை முன்னாலேயே கண்டுபிடிக்கத்தான் கம்பத்தில் வெப்பக் கேமரா வைத்தார்கள். அதில் முகம் தெரியாது, சூடுதான் தெரியும். குளிர்ந்தது நீலம், மனுஷ உடம்பு மஞ்சள், நெருப்பு சிவப்பு. ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது என் வேலை.

"இன்னா ஏழுமலை, எங்க வூட்டுக் கொழம்பு சூடா இருக்கான்னு அதுல பாத்து சொல்றியா?" என்று டிராக்டர் ஓட்டும் நம்ம செல்வம் பெரியப்பா தினம் வம்புக்கு இழுப்பார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், கிடங்கில் நானும் அவரும்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலாவது குவியல் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அங்கே படுக்காதேன்னா கேட்க மாட்டார். காலையிலிருந்தே திரை மங்கலாக இருந்தது, கரண்டு கோளாறு என்று நானும் விட்டுவிட்டேன்.

திடீரென்று திரை பளிச்சென்று ஆனது. நாலாவது குவியல் உச்சியில் ஒரு ஆள் நிற்கிறான். அந்த வெயிலில் நிற்கிறவன் உடம்பு கிணற்றுத் தண்ணீர் மாதிரி கருநீலம். அசையவே இல்லை. காலடியில் ஒரு சிவப்புப் புள்ளி, பார்க்கப் பார்க்க அகலமாகி, பெரியப்பா படுத்திருந்த பக்கமாக இறங்கியது. அலாரம் அடிக்கவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை, செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

உச்சியில் ஒருவரும் இல்லை. பெரியப்பா காலைப் பிடித்து இழுத்தேன்.

"தூங்கக்கூட வுட மாட்டியாடா?" என்று உதைக்க வந்தார்.

பத்தடி தள்ளிப் போயிருப்போம், அந்தப் பக்கச் சக்கை அப்படியே சரிந்து உள்ளேயிருந்து தீ குபீரென்று வந்தது. அவர் துண்டு எரிவதை அவரே நின்று பார்த்தார். அணைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் கேமரா மெக்கானிக் வந்து ஏணியில் ஏறினார். "கண்ணாடி மேல யாருங்க சந்தனத்தை அப்பினது?"

நான்தான். பூஜையன்று மற்ற மிஷினுக்கெல்லாம் வைத்த மாதிரி, அதுதானே முகம் என்று கண்ணாடி முழுக்கச் சந்தனம் பூசி நடுவில் குங்குமமும் வைத்தேன்.

"அது காஞ்சுபோய்க் கெடக்கு. இதுல ஒரு சூடும் தெரியாதுங்க" என்றார். பதிவைப் போட்டுக் காட்டினார். பூஜை சாயந்தரத்திலிருந்து ஒரே சாம்பல் நிறம். ஆளும் இல்லை, சிவப்பும் இல்லை. என் கையாலேயே பெரியப்பாவைக் கொன்றிருப்பேன்.

அன்று டீ குடிக்கும்போது பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "மொத தபா நீ தோளைத் தொட்டு எழுப்பினப்பவே எழுந்திருக்கணும்பா. உன் கை இன்னா அப்படி சில்லுனு இருந்துச்சு?"

நான் எழுப்பியது ஒரே ஒரு தடவை, அதுவும் காலைப் பிடித்து. இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் அந்த இடத்துக்குப் போனேன். உச்சியில் நின்ற அந்த ஆளுக்குக் கற்பூரம் ஏற்றத் தோன்றியது, ஆனால் கிடங்குக்குள் நெருப்பு ஆகாது. என் தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறந்து, கரிந்த தரையில் வைத்துவிட்டு வந்தேன்.